நோட்டும் ஸ்டாம்பும் எல்லை தாண்டினால் என்ன விலை?

மும்பை சஹார் ஏர் கார்கோவில் முப்பது வருஷம் கிளியரிங் வேலை, அதாவது சுங்கத்திலிருந்து சரக்கை விடுவிக்கும் வேலை, பார்த்தவன் நான். தபால்தலை, ரூபாய் நோட்டு, காசோலைப் படிவம், பங்குப் பத்திரம் மாதிரி அச்சுச் சரக்குகள் நாடு விட்டு நாடு போவதைப் பற்றிக் கேளுங்கள்.

செம்பூர்: ஒரு நாட்டுக்காக இன்னொரு நாடு நோட்டு அடித்து அனுப்புகிறது. ஏற்றுமதிக் கணக்கில் நோட்டில் போட்டிருக்கும் தொகையை எழுதுவார்களா?

எழுத மாட்டார்கள். இந்தத் தொழிலில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அச்சகத்தை விட்டு வெளியே வரும் நோட்டு இன்னும் பணம் ஆகவில்லை. அந்த நாட்டின் மத்திய வங்கி வெளியிட்ட பிறகுதான் அது பணம். அதுவரை அது அச்சடித்த காகிதம். அதனால் வர்த்தகக் கணக்கில் ஏறுவது அச்சகத்துக்குக் கொடுத்த விலை மட்டும். புழக்கத்துக்கு வந்துவிட்ட நோட்டு எல்லை தாண்டினால் அது சரக்குக் கணக்கிலேயே சேராது. நேபாளத்தின் முதல் காகித நோட்டுகள் 1945-இல் நம் நாசிக் அச்சகத்தில்தான் அச்சாயின. நாசிக்கிலிருந்து கிளம்பும்போது காகிதம், காட்மாண்டுவில் வெளியிட்ட பிறகு பணம்.

இது தெரியாமல் ஒருமுறை மாட்டிக்கொண்டோம். வளைகுடா நிறுவனம் ஒன்றுக்காக இங்கே அச்சான பங்குப் பத்திரப் படிவங்கள். அனுப்பியவரின் குமாஸ்தா அச்சுக்கூலிக்குப் பதிலாகப் பங்குகளின் மொத்த முகமதிப்பை, அதாவது தாளில் போட்டிருக்கும் தொகையை, இன்வாய்ஸில் எழுதிவிட்டார். ஆறு பெட்டிக் காகிதம் கோடிக்கணக்கான ரூபாய்ச் சரக்காக மாறி, பதினோரு நாள் கிடங்கில் கிடந்தது. ஆகவே சொல்கிறேன்: விலைக் கட்டத்தில் அச்சுக்கூலி மட்டும் வர வேண்டும். முகமதிப்பு சரக்கு விவரத்தில் இருக்கட்டும்.

தாராவி: அண்ணாச்சி, சுங்கப் பட்டியலில் 4907 என்ற தலைப்பில்தான் ஸ்டாம்பும் நோட்டும் வரும் என்கிறார்கள். நம் நாடு அதில் இவ்வளவு இறக்குமதி காட்டுகிறதே, எல்லாம் ஸ்டாம்பா?

நல்ல கேள்வி, தம்பி. அந்த நான்கு இலக்கத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். இந்தியா அதை எட்டு இலக்கமாகப் பிரித்திருக்கிறது. 4907 00 10 புழக்கத்திலுள்ள, பயன்படுத்தாத தபால்தலை, வருவாய் முத்திரை. 4907 00 20 நோட்டு. அடுத்த 4907 00 30 மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமைப் பத்திரம்! சாஃப்ட்வேர் லைசென்ஸ் தாளும் அதே குடையின் கீழ்தான். மொத்தத் தொகையைப் பார்த்து "இத்தனை கோடிக்கு ஸ்டாம்பு" என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். எட்டு இலக்கத்துக்கும் பிரித்துப் பாருங்கள்.

டோம்பிவிலி: லாட்டரிச் சீட்டும் அதிலேயே வருமா?

வராது. பொதுவாக 4911.

முலுண்ட்: வீட்டில் பழைய முத்திரைத்தாள் இருக்கிறது. செல்லுமா?

இது என் துறை இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். மத்தியச் சட்டத்தில் ஆறு மாதம் என்பது பணத்தைத் திரும்பக் கேட்பதற்கான கெடுதான், தாள் செல்லாமல் போகாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மகாராஷ்டிரத்தின் முத்திரைச் சட்டம் தனி. இங்கே ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தாத தாள் செல்லாது. வக்கீலைப் பாருங்கள்.

வாஷி: அம்மா 2011-இல் வாங்கிய முத்திரைத்தாள்...

மேலே பாருங்கள்.

மாட்டுங்கா: 1997-98இல் நம் நோட்டையே வெளிநாட்டில் அச்சடித்தார்களே. அது வெட்கக்கேடு இல்லையா?

சயான்: மாட்டுங்கா சாருக்கு ஒரு வார்த்தை. காந்தி ஸ்டாம்பே சுவிட்சர்லாந்தில் அச்சானதுதான். அதில் என்ன வெட்கம்?

மாட்டுங்கா: ஸ்டாம்பும் நோட்டும் ஒன்றா? அச்சுத் தட்டை வைத்திருப்பவன் இன்னும் கொஞ்சம் அடித்துக்கொண்டால்?

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். சயான் சார் சொல்வது சரி. 1948 ஆகஸ்ட் 15-இல் வந்த நான்கு காந்தி தபால்தலைகளையும் சுவிஸ் நாட்டின் கூர்வாசியே அச்சகம் போட்டோகிராவூர் என்ற அச்சு முறையில் அடித்தது. அந்த முறை நாசிக்குக்கு 1952-இல்தான் கைவந்தது. இல்லாத வித்தையை வெளியிலிருந்து வாங்குவதில் குறை ஒன்றும் இல்லை. நாசிக் அச்சகம் வருவதற்கு முன் பல பத்தாண்டுகள் நம் தபால்தலைகள் லண்டனிலிருந்தே கப்பலில் வந்தன.

ஆனால் மாட்டுங்கா சாரின் பயத்தைத் தள்ளிவிட முடியாது. 1997-98இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று நாட்டு நிறுவனங்கள் அடித்தவை 360 கோடி நோட்டுகள்: நூறு ரூபாய் 200 கோடி, ஐந்நூறு ரூபாய் 160 கோடி. முகமதிப்பு ஒரு லட்சம் கோடி ரூபாய். 2010-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று இதைக் கடுமையாகக் கண்டித்தது. காந்தி ஸ்டாம்பு நாலு கூடுதலாக அச்சானால் தபால் துறைக்குக் கொஞ்சம் நஷ்டம். நோட்டு அப்படிக் கூடினால் நாடே தாங்க வேண்டும். தட்டு, காகிதம், வரிசை எண் மூன்றும் நம் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ரிசர்வ் வங்கி 1995-இல் தொடங்கிய துணை நிறுவனம் மைசூரிலும் மேற்கு வங்கத்தின் சால்போனியிலும் அச்சகம் நடத்துகிறது. அப்புறம் நோட்டுக் காகிதத்துக்கும் மைசூரில் ஆலை வந்துவிட்டது. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

சயான்: அப்போது கள்ள முத்திரைத்தாள் ஊழல்? அது உள்ளூரிலேயே நடந்ததே!

உண்மை. கள்ள முத்திரைத்தாள் அடித்த தெல்கியின் விவகாரத்தில் எல்லையே தாண்டவில்லை. உள்ளூர் என்பதாலேயே பாதுகாப்பு ஆகிவிடாது. இதில் உங்களுக்கு ஒரு மதிப்பெண்.

கோரேகான்: சிங்கப்பூரில் மாமா தபால்தலை சேகரிக்கிறார். இங்கிருந்து அனுப்பலாமா?

தாராளமாக. ஜி.பி.ஓ. என்னும் தலைமைத் தபால் நிலையத்தில், தபால்தலை சேகரிப்போருக்காக இருக்கும் ஃபிலாடெலிக் பிரிவில் புதியவை வாங்கலாம். புழக்கத்திலுள்ள, பயன்படுத்தாத தலை 4907. முத்திரை குத்தியதும், புழக்கத்தில் இல்லாத பழையதும் 9704. இரண்டும் கலந்திருந்தால் தனித்தனியாக எழுதுங்கள், "அச்சுப் பொருள்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். மாமாவுக்குப் பிடிக்குமே என்று பழைய ரூபாய் நோட்டை அதே கவரில் சொருகவும் வேண்டாம். பன்னாட்டு அஞ்சலில் காப்பீடு செய்யாத கவரில் நோட்டு போகக் கூடாது.