பைத்தான் அப்புறம், முதலில் பென்சில்

கேள்வி: மகள் தொடக்கநிலை 5 படிக்கிறாள். பள்ளியில் ‘கோட் ஃபார் ஃபன்’ என்ற நிரலாக்க வகுப்பில் மைக்ரோபிட் என்ற சின்னக் கணினிப் பலகையில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். வீட்டிலும் வீடியோ பார்த்து அப்படியே செய்துவிடுகிறாள், ஆனால் சொந்தமாக ஏதாவது செய் என்றால் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பைத்தான் என்ற நிரல் மொழி வகுப்பில் சேர்க்கலாமா? (உட்லண்ட்ஸில் இருந்து ஒரு தாய்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. எந்த மொழிக்குப் போனாலும் அவள் இதே இடத்தில்தான் நிற்பாள், ஏனென்றால் அவளுக்குத் தட்டுப்படாதது நிரல் இல்லை, என்ன செய்வது என்பதுதான். பள்ளி வகுப்பு மொத்தமே 10 மணி நேரம், அதில் கருவியைப் பழகத்தான் நேரம் சரியாக இருக்கும்.

‘ஏதாவது செய்’ என்று சொல்லாதீர்கள். வீட்டிலுள்ள ஒரு தொல்லையைக் கையில் கொடுங்கள். வாசலில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறதா? பாட்டி ஊற்றியது தெரியாமல் அப்பாவும் தண்ணீர் ஊற்றி வேர் அழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊற்றியவர் மைக்ரோபிட்டின் ஏ பட்டனை அழுத்தினால் ஓர் அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கணினியைத் திறக்கும் முன் தாளில் 5க்கு 5 கட்டம் போட்டு அந்த அடையாளத்தை வரையச் சொல்லுங்கள். மைக்ரோபிட்டில் இருப்பதே 25 விளக்குதான், தமிழ் எழுத்து அதில் வராது, ஆங்கிலம் ஓடினால் பாட்டிக்குப் புரியாது, அப்படியென்றால் என்ன படம் போடுவது? பாட்டியிடமே காட்டிக் கேட்கட்டும். வடிவமைப்பு என்பதே இதுதான், இதை அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம் நிரல். மறுநாள் காலையிலும் நேற்றைய படமே நின்றால்? 12 மணி நேரத்தில் தானாக அழிய வேண்டும். மைக்ரோபிட்டுக்கு நிரல் எழுதும் இணையதளமான மேக்கோடில் காத்திருக்கும் நேரத்தை மில்லிவினாடியில்தான் கொடுக்க வேண்டும், அதாவது 43,200,000. அதை அவளே பெருக்கிக் கண்டுபிடிக்கட்டும். ஆனால் சோதிக்கும்போது 10,000 போடச் சொல்லுங்கள், 10 வினாடியில் விடை தெரிந்துவிடும். ஓட்டிப் பார்க்கும் முன் என்ன நடக்கும் என்று வாயால் சொல்ல வையுங்கள். தப்பாக வந்தால் உடனே திருத்திக் கொடுத்துவிடாதீர்கள், பிள்ளை உண்மையில் கற்றுக்கொள்வது அந்த நேரத்தில்தான், நிரலில் எந்தப் பிளாக் (கட்டளைத் துண்டு) வரை சரியாகப் போனது என்று மட்டும் கேளுங்கள்.

சாமான் வாங்கவும் அவசரமில்லை, மேக்கோடு திரையிலேயே மைக்ரோபிட்டின் மாதிரி இருக்கிறது, இலவசம். இப்படி ஓரிரண்டு செய்து முடித்தபின், அதே நிரலை மேக்கோடிலேயே பைத்தானுக்கு மாற்றிக் காட்டுங்கள், தான் கட்டியதையே எழுத்தில் பார்க்கும்போது பாதி அவளுக்குத் தானாகப் புரியும், பைத்தான் வகுப்பைப் பற்றி அப்போது அவளிடமே கேட்டு முடிவெடுங்கள்.