வண்டி கேள்வி–பதில்: அப்பாவின் ஹைலக்ஸ் இன்னும் எவ்வளவு நாள் ஓடும்?

கேள்வி: வணக்கம் ஐயா. அப்பாவின் வண்டி 2009-ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், 3.0 டீசல், ஆட்டோ கியர். மீட்டர் 287,000 கிலோமீட்டர் காட்டுகிறது. லிந்தாங் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் செம்பனை. அக்கம்பக்கத்துச் சிறுதோட்டக்காரர்களின் குலைகளையும் அப்பாதான் ஏற்றிப் போகிறார். ஒரு மாதமாகக் காலையில் ரிவர்ஸ் போட்டால் வண்டி இரண்டு மூன்று விநாடி அப்படியே நிற்கிறது, அப்புறம் டொக்கென்று இழுக்கிறது. சூடானதும் சரியாகிவிடுகிறது. கியர் எண்ணெய் மாற்றியதாக அப்பாவுக்கு நினைவே இல்லை. “இவ்வளவு ஓடிய கியர் பெட்டிக்கு இனி எண்ணெய் மாற்றினால் வண்டி நகராது, அப்படியே விடுங்கள்” என்கிறார் ஒரு ஃபோர்மேன். உடனே இறக்கி ஓவர்ஹால் செய்ய 4,500 வெள்ளி கேட்கிறார் இன்னொருவர். ஹைலக்ஸ் பெட்டிக்குச் சாவே இல்லை என்கிறார் அப்பா. உண்மையில் இது எவ்வளவு நாள் தாங்கும்?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, நீங்கள் கேட்ட கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். காலத்தோடு எண்ணெய் மாற்றி, பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடிய ஆட்டோ பெட்டி 300,000 கிலோமீட்டரைத் தாண்டுவது அதிசயமில்லை. எண்ணெயே பார்க்காமல் பாரம் இழுத்த பெட்டி 150,000-இலேயே படுத்துவிடலாம். அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்து ஹைலக்ஸில் வந்த 4 கியர் பெட்டி, ஜப்பானின் ஐசின் நிறுவனம் 1980-களிலிருந்து செய்துவந்த ஏ340 குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்துப் பெட்டிதான் அமெரிக்காவின் ஜீப் செரோக்கியிலும் பல வருடம் ஓடியது. கெட்டியான பெட்டி. எண்ணெய் மாற்றாமலே 287,000 வந்திருக்கிறது என்றால் அதற்கு அந்தக் கெட்டித்தனம்தான் காரணம்.

ஆனால் இந்தப் பெட்டிக்கு உண்மையில் எவ்வளவு வயதாகிவிட்டது என்பதை மீட்டரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் எண்ணெய் எவ்வளவு சூட்டைத் தின்றிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர், எண்ணெயைச் சுழற்றித்தான் சக்தியைக் கடத்துகிறது. நெடுஞ்சாலையில் 90 வேகத்தில் போகும்போது அது உள்ளே பூட்டிக்கொள்ளும், வழுக்கல் இருக்காது, சூடும் குறைவு. பின்னால் குலைகளை ஏற்றிக்கொண்டு செம்மண் மேட்டில் 10, 15 வேகத்தில் ஏறும்போது பூட்டாது. வழுக்கலில் வீணாகும் சக்தியெல்லாம் எண்ணெயில் சூடாக இறங்குகிறது. எண்ணெய் 80 டிகிரி வாக்கில் இருக்கும்வரை நீண்ட நாள் உழைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. தோட்டத்தில் ஓடிய ஒரு கிலோமீட்டரும் ஈப்போவுக்குப் போய்வந்த ஒரு கிலோமீட்டரும் மீட்டருக்கு ஒன்றுதான், பெட்டிக்கு ஒன்றல்ல.

இப்போது உங்கள் வண்டியின் அறிகுறிக்கு வருவோம். பெட்டிக்குள் கிளட்ச் பிளேட்டுகளை அழுத்துவது எண்ணெய் அழுத்தம். அந்த அழுத்தம் கசியாமல் பிடித்துவைப்பவை ரப்பர் சீல்கள். வயதாகும்போது ரப்பர் இறுகிவிடும். குளிர்ந்த நிலையில் அழுத்தம் கசியும். சூடானதும் ரப்பர் கொஞ்சம் இளகி மறுபடி பிடித்துக்கொள்ளும். ரிவர்ஸுக்கு அழுத்தம் அதிகம் வேண்டும் என்பதால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். காலையில் மட்டும் தாமதம் என்றால் முதுமை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நாளைக்கே நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் இதே தாமதம் எண்ணெய் குறைந்தாலும் வரும்! பெட்டியை இறக்கச் சொன்னவர், எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வண்டியை அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்குங்கள். சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லாக் கியருக்கும் ஒரு முறை கொண்டுபோய் ‘பி’-க்குத் திரும்புங்கள். அப்புறம் டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். அளவு சூட்டுக்கான கோடுகளுக்குள் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் எங்கே கசிகிறது என்று தேடுங்கள், ஏனென்றால் இந்த எண்ணெய் எரிந்து குறைவதில்லை. எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். சிவப்போ பழுப்புச் சிவப்போ என்றால் நல்ல செய்தி. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் பிளேட்டுகள் வெந்திருக்கின்றன. சிராப் பண்டோங் மாதிரி வெளிர் ரோஜா நிறத்தில் கலங்கியிருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள், ஓட்டவே வேண்டாம். ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் எண்ணெய்க் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்துவிட்டது என்பது அதன் பொருள். தண்ணீர் பட்டால் பிளேட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுத் தாள் பெயர்ந்து வந்துவிடும்.

இந்த ரேடியேட்டர் விஷயத்தை நான் அழுத்திச் சொல்கிறேன். பழைய பிக்கப் வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. நல்ல பெட்டி ஒன்று ரேடியேட்டரால் சாவது எனக்குப் பொறுக்காது. உங்கள் வண்டியில் பழைய ரேடியேட்டரே இருந்தால், எண்ணெய் சுத்தமாக இருந்தாலும் அதை மாற்றிவிடுங்கள். கையில் காசு இருந்தால் முன்னால் தனிக் கூலர் ஒன்றும் போடுங்கள். ஓவர்ஹால் செலவில் இது சிறு பங்குதான்.

எண்ணெய் மாற்றினால் வண்டி நின்றுவிடும் என்பதில் பாதிதான் உண்மை. ஏற்கெனவே வழுக்கும் பெட்டியைக் கடைசி நம்பிக்கையாக எண்ணெய் மாற்றக் கொண்டுவருவார்கள்; ஒரு வாரத்தில் நின்றுவிடும்; பழி எண்ணெய் மேல் விழும். உங்கள் எண்ணெய் கருகாமல், சூடான பிறகு வழுக்கல் இல்லாமல் இருந்தால் தாராளமாக மாற்றலாம். மெஷின் வைத்து அழுத்தத்தில் அலசச் சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள், படிந்த அழுக்கு, எண்ணெயை அங்கங்கே பிரித்து அனுப்பும் வால்வ் பாடிக்குள் போய் அடைக்கும். அடித்தட்டைக் கழற்றி, வடிகட்டியை மாற்றி, கையேட்டில் எழுதியிருக்கும் அதே வகை எண்ணெயை ஊற்றச் சொல்லுங்கள். இப்படி வடித்தால் பாதிக்கும் குறைவாகத்தான் இறங்கும், மீதி கன்வெர்ட்டரில் தங்கிவிடும். ஆகவே ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ஒரு முறை, அப்புறம் இன்னொரு முறை. தட்டைக் கழற்றும்போது நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். தட்டுக்குள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மெல்லியதாக இருந்தால் அது வழக்கமான தேய்மானம். இரும்புச் சிராய் கண்ணில் பட்டால் உள்ளே ஏதோ உடைகிறது.

டீசல் 2024 ஜூன் 10-ஆம் தேதி ஒரே நாளில் 2.15-இலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறிய பிறகு சிறுதோட்டக்காரர் கையில் என்ன மிஞ்சுகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் 4,500 வெள்ளியை இப்போதே கொடுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. மேலே சொன்னது எல்லாம் நன்றாக இருந்தால், பாரத்தையும் குறைத்து ஓட்டினால், இந்தப் பெட்டி இன்னும் இரண்டு மூன்று வருடம் உழைக்கும் என்று நம்புகிறேன். சூடான பிறகும் தாமதம் வந்தாலோ, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் உறுமி வண்டி வேகம் எடுக்காமல் நின்றாலோ, அன்றைக்கே இறக்கிவிடுங்கள். இழுத்துப் பிடித்து ஓட்டினால் பிளேட்டோடு போக வேண்டிய செலவு டிரம், பம்ப் என்று வளரும். அப்போது சீல், பிளேட் எல்லாம் புதிதா, கன்வெர்ட்டரையும் சேர்த்துச் செய்கிறார்களா, கூலர் குழாய்களைக் கழுவுகிறார்களா என்று கேட்டு, உத்தரவாதத்தை எழுதி வாங்குங்கள்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது ‘டி’-யில் வைத்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டாம். நியூட்ரலுக்குத் தள்ளி ஹேண்ட்பிரேக் போடட்டும். பின்னால் வந்து முன்னால் போகும்போது வண்டி முழுக்க நின்ற பிறகு லீவரை மாற்றட்டும்.

கேள்வி: தோட்டத்து மேட்டில் ஃபோர்வீல் லோ போட்டால் ஆட்டோ பெட்டி சீக்கிரம் கெடும் என்கிறார்களே, அண்ணே?
— வாசகர், சிலிம் ரிவர்

பதில்: நேர்மாறு, தம்பி. லோ போட்டால் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டி இழுவையைப் பெருக்கிக் கொடுக்கும், கன்வெர்ட்டருக்கு வேலை குறையும், எண்ணெய் சூடாவதும் குறையும். செம்மண்ணிலும் சேற்றிலும் தயங்காமல் போடுங்கள். தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆட்டோ பிக்கப் வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கலாமா? குலை ஏற்றியிருக்கும்போது அவசரம் இருக்குமே.
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அவசரம் புரிகிறது, அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் அமிலம் ஏறிவிடும். ஆனாலும் இழுக்காதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பெட்டியின் எண்ணெய் பம்பும் ஓடாது; பின் சக்கரம் சுழலச் சுழலப் பெட்டி எண்ணெய் இல்லாமல் காய்ந்து தேயும். குலைகளை வேறு வண்டிக்கு மாற்றி ஆலைக்கு அனுப்புங்கள். உங்கள் வண்டி நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டு லோரியில் பட்டறைக்குப் போகட்டும்.