இத்தாலியின் டஸ்கனிப் பகுதியிலுள்ள பியென்சா ஊர் வெயிலில், நீர்வண்ண ஓவியத்தின் வானம் கோடு விழுந்து காய்வதற்குத் தீர்வு

தாளை முழு நிழலுக்குக் கொண்டுபோய், வண்ணம் இடுவதற்கு முன் அதன் இரு பக்கங்களையும் நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள்; குழுவோடு வரைகையில் வானத்தின் பாதியை எட்டுவதற்குள் மேற்பகுதி காய்ந்து கோடு விழுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

உங்கள் கையில் குறை இல்லை. ஜூலை மாத டஸ்கனியில், மரமற்ற கோதுமை மேடுகளின் மீது வெயிலும் உலர்காற்றும் சேர்ந்து அடிக்கும்போது, தூரிகையை மீண்டும் நீலத்தில் தோய்த்து எடுப்பதற்குள் முந்தைய இழுப்பின் ஓரம் மங்கிக் காய்ந்துவிடுகிறது.

உறுதிசெய்ய, ஒரே தாளிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றை வெயிலிலும் மற்றொன்றைச் சைப்ரஸ் மர நிழலிலும் வைத்து, ஒரே கலவையைப் பூசிப் பாருங்கள். நிழலிலும் கோடு விழுந்தால் தாளே காரணம். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளுக்கு மாறுங்கள்.

காய்வதைத் தாமதப்படுத்த, நீரில் கிளிசரின் சில துளிகள் கலக்கலாம்தான். ஆனால் அது மிகுந்தால் படம் பிசுபிசுத்து, பெட்டியில் அடுக்கும்போது அடுத்த தாளோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், நான் அதைக் கடைசி வழியாகவே வைப்பேன்.

நண்பகல் அமர்வைக் காலை ஏழு மணிக்கு மாற்ற முடியுமா என்று பயிற்றுநரிடம் கேளுங்கள். அந்தச் சாய்வொளியில்தான் உழுத நிலத்தின் செம்பழுப்பும் தெளிவாகத் தெரியும். 'பர்ன்ட் சியென்னா' என்ற செம்பழுப்பு வண்ணத்துக்குப் பெயர் தந்த சியேனா நகரமும் பக்கத்தில்தானே இருக்கிறது.