கபடிக்குத் தமிழ் எதற்கு?

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு. புதிதாகச் சேர்ந்த ஒடியா தொழிலாளி வீட்டுப் பையனைக் கபடிக்குச் சேர்ப்பதில்லை. கேட்டால் 'அவனுக்குத் தமிழ் வராது, டீமுக்கு செட் ஆகமாட்டான்' என்கிறான். கள்ளமில்லாத வயதில் இந்தப் புத்தி எங்கிருந்து வருகிறது?
- ஒரு தந்தை, ஓசூர்

பதில்: கபடிக்குத் தமிழா! பாடிப் போகிறவன் 30 நொடியும் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. ஒடிசாவிலும் அதே வார்த்தைதான். சரளமாகத் தமிழ் பேசுகிறவனுக்குத்தான் ஆபத்து: 'காலை விடுடா' என்று கத்தினால் பாட்டு அறுந்து அவுட். அதுவும் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் கேட்கும் ஓசூரில் இந்தச் சாக்கு!

உங்கள் மகன் 'ஒடியாக்காரன் வேண்டாம்' என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? உளவியலாளர்கள் மெலனி கில்லனும் சார்ல்ஸ் ஸ்டாங்கரும் 2001-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் 1, 4, 7-ம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டார்கள். கறுப்பினப் பிள்ளை என்பதற்காகக் கணக்கு மன்றத்தில் சேர்க்காமல் விடலாமா? தப்பு என்றார்கள் பெரும்பாலோர். இருப்பது ஒரே இடம், போட்டிக்கு வந்தவன் கெட்டிக்காரன் என்று கேள்வியைச் சிக்கலாக்கியதும், மூத்த பிள்ளைகள் 'குழு ஒழுங்காக நடக்க வேண்டாமா' என்று பேசினார்கள். நியாயம் எல்லாருக்கும் தெரிகிறது. வயது ஏறினால் அதைச் சுற்றிக்கொண்டு போகவும் தெரிகிறது. ஆகவே உபதேசம் வேண்டாம், உங்கள் மகனே அதை அழகாக ஒப்பிப்பான்.

இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். கடைசியில் மிஞ்சுகிறவன் எப்போதும் ஒருவனே. வரிசையில் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரித்தால் கில்லாடிகள் இடம் மாறி நின்றுகொள்வார்கள். சீட்டுக் குலுக்குவதே நல்லது. வகுப்பறைக்கு, உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-ல் டெக்சஸ் மாநில ஆஸ்டினில் செய்த வழி இருக்கிறது. பாடத்தை ஐந்து துண்டாக்கி, ஐவர் குழுவில் ஆளுக்கு ஒன்று. ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் கூடிப் படித்துவிட்டு, அவரவர் குழுவுக்குத் திரும்பிச் சொல்லித்தர வேண்டும். தேர்வு முழுப் பாடத்துக்கும். அந்தப் பையனின் துண்டு அவனிடம் மட்டுமே இருப்பதால் மற்ற நால்வரும் காது கொடுத்தாக வேண்டும். வாயாடி ஒருவன் குழுவைப் பிடித்துக்கொண்டால் கெட்டது. தலைவரை நாளுக்கு நாள் மாற்றுங்கள். தமிழ் தடுமாறுகிறவனுக்குப் படமோ வரைபடமோ உள்ள துண்டு.

கபடிக்கு வருவோம். அதற்கு முதலில் பி.டி. பீரியட் இருக்க வேண்டுமே! கணக்கு ஆசிரியர்கள் கடன் வாங்கிய பீரியட் எது திரும்பியது? 2004-ல் தருமபுரியைப் பிரித்து, உங்கள் ஓசூரையும் சேர்த்துக் கிருஷ்ணகிரிக்கு ஒரு மாவட்டமே கொடுத்தார்கள். பி.டி. பீரியட் மட்டும் இரண்டு மாவட்டத்திலும் இன்னும் பாக்கி.