வீடியோவைப் பார்க்காமல் வரும் 180 பேருக்கு எப்படி நடத்துவது?

கேள்வி: பொறியியல் கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் எடுக்கிறேன். ஒரே அரங்கில் 180 மாணவர்கள். பாதிப் பாடங்களை 40 நிமிட வீடியோக்களாகப் பதிவுசெய்து கொடுத்தேன். யாரும் பார்ப்பதில்லை. வகுப்பில் மறுபடி முதலிலிருந்து நடத்துகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: அந்த 'மறுபடி'யை முதலில் நிறுத்துங்கள். வீடியோவில் உள்ளதே வகுப்பிலும் கிடைக்கும் என்றால், வீட்டில் பார்த்துவிட்டு வருபவர்தான் ஏமாளி.

40 நிமிடம் மிக நீளம். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் சுமார் 69 லட்சம் பார்வைகளை அலசி 2014-இல் வெளியான ஆய்வில், 6 நிமிடத்துக்குட்பட்ட வீடியோக்களே மாணவர்களை அதிகம் பிடித்துவைத்தன. புதிதாகப் பதிவுசெய்ய வேண்டாம். இருப்பதையே துண்டு போடுங்கள். சமன்பாடுகளை வருவிக்கும் பகுதிகள் வீடியோவுக்கு ஏற்றவை. மாணவர் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். டேட்டா இல்லாதவர்களுக்குக் குறிப்புகளைப் பிடிஎஃப் ஆகவும் கொடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு துண்டுக்கும் கூகுள் ஃபார்மில் மூன்று கேள்விகள் போதும். மூன்றாவது எப்போதும் 'எது புரியவில்லை?' என்றே இருக்கட்டும். முந்தைய இரவே கெடு. பதிலளித்தாலே சிறிது இன்டர்னல் மதிப்பெண் உண்டு என்று அறிவியுங்கள். 180 பதில்களையும் படிக்க வேண்டியதில்லை. இருபதைப் புரட்டினாலே மறுநாள் எதைப் பேச வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இனி அரங்கம். ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991 முதல் பயன்படுத்திய முறை உங்கள் பாடத்துக்கே பிறந்தது. லாரியும் காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. எதன்மீது அதிக விசை? விடையைத் தனித்தனியே யோசித்து, கைப்பேசியிலோ வண்ண அட்டையிலோ வாக்களிக்கச் சொல்லுங்கள். பலரும் கார் என்பார்கள்; சரியான விடை, இரண்டின்மீதும் சம விசை. நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடமாகச் சொல்பவர்களும் இதில் சறுக்குவார்கள். முடிவைக் காட்டாமல், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரிடம் வாதாட விடுங்கள்; பிறகு மறுவாக்கு. சரியான விடை 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால்தான் இந்த வாதத்துக்குப் பலன். அதற்குக் கீழே போனால் நீங்களே விளக்குங்கள், மேலே போனால் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். அரங்கம் இரையும், துறைத்தலைவர் எட்டிப் பார்த்தாலும் பார்ப்பார். பார்க்கட்டும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், தலா ஏறத்தாழ 270 பேர் கொண்ட இரண்டு இயற்பியல் வகுப்புகளை ஒரு வாரம் ஒப்பிட்டு 2011-இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஒன்றில் நல்ல பெயரெடுத்த அனுபவசாலி விரிவுரை நிகழ்த்தினார். மற்றதில் அனுபவம் குறைந்தவர்கள் முன்வாசிப்பு, கேள்வி, விவாதம் என்று நடத்தினார்கள். தேர்வில் சராசரி முதல் வகுப்பில் 41 சதவீதம், இரண்டாவதில் 74.

ஒன்றுக்குத் தயாராக இருங்கள்: 'சார் பாடமே நடத்துவதில்லை' என்ற புகார் வரும். ஹார்வர்டில் 2019-இல் வெளியான ஆய்வில், இப்படிப் படித்தவர்கள் அதிகம் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். எனவே ஏன் இப்படி நடத்துகிறீர்கள் என்பதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள். முதல் பருவத்தில் ஒரு யூனிட்டை மட்டும் மாற்றினால் போதும். நல்ல கேள்விகளை எழுதுவதற்குத்தான் உங்கள் நேரம் அதிகம் செலவாகும்.