மீன் விடாமல் சைக்கிள் செய்யும் தொட்டியில் நைட்ரைட் இறங்காமல் நிற்பது ஏன்?

சைக்கிள் செய்வது என்றால் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்ப்பது. 50 லிட்டர் தொட்டி, முழுக்க ஆர்.ஓ. தண்ணீர், முதலில் மளமளவென்று இறங்கிய அம்மோனியா இப்போது மந்தம், நைட்ரைட் சோதனை கிட் அடர் ஊதாவிலேயே (அது காட்டும் உச்ச அளவு) நிற்கிறது, இன்னொரு பாக்டீரியா பாட்டில் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காசை வீணாக்காதீர்கள். முதலில் பிஹெச் பாருங்கள். 6-ஐ ஒட்டி இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அம்மோனியா நைட்ரைட்டாக மாறும்போது அமிலம் வெளியாகும். 1 மி.கி. அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 மி.கி. காரத்தன்மை கரைந்துபோகும். ஆர்.ஓ. தண்ணீரில் அந்தக் கையிருப்பே கிடையாது. கேஹெச் (அந்தக் காரத்தன்மையின் அளவு) தீர்ந்ததும் பிஹெச் சரியும், பாக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும். செத்துப்போகாது, சும்மா கிடக்கும்.

ஆப்ப சோடா 6 கிராம் டம்ளரில் கரைத்து ஊற்றுங்கள் (பேக்கிங் பவுடர் அல்ல, அது வேறு). கேஹெச் 4 டிகிரி போல ஏறும். மீன் இல்லாததால் பிஹெச் சட்டென்று ஏறினாலும் பயமில்லை.

கிட் 5 பிபிஎம்முக்கு மேல் காட்டாது. எனவே ஒரு பங்கு தொட்டித் தண்ணீருக்கு ஒன்பது பங்கு ஆர்.ஓ. கலந்து சோதித்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். ரொம்ப அதிகமென்றால் பாதித் தண்ணீரை மாற்றலாம். பாக்டீரியா பெரும்பாலும் ஃபில்டர் ஸ்பாஞ்சில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரோடு போய்விடாது. ஊற்றுவது குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீக்கி கட்டாயம்.

நைட்ரேட் கிட்டை இப்போது நம்பாதீர்கள். நைட்ரைட்டையும் சேர்த்தே காட்டும்.