ஹெக்ஸ் ஃபைலுக்குப் பெயர் மாற்றினால் பைனரி ஆகிவிடுமா?

கேள்வி: என் காரின் ஈசியுவுக்கான (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூனிங் ஃபைல் ஹெக்ஸ் வடிவில் வந்தது. என் டூல் பைனரியை மட்டும்தான் ஏற்கிறது. ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை மாற்றிப் போட்டேன். அளவு சரியில்லை என்கிறது. மாற்றித் தர ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இலவச மென்பொருள் சில நொடிகளில் முடிக்கிற வேலை இது.

ஹெக்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியில் தொடங்கும். தரவோடு, அது எந்த முகவரியில் போய் உட்கார வேண்டும் என்பதும் அதில் இருக்கும். பைனரியில் முகவரி கிடையாது, தரவு மட்டும்தான். ஹெக்ஸில் ஒவ்வொரு பைட்டும் இரண்டு எழுத்துகளாக எழுதப்படும், முகவரியும் சேரும். அதனால்தான் வரிக்கு 16 பைட் உள்ள ஹெக்ஸ் கிட்டத்தட்ட 2.8 மடங்கு பெரிது. பெயரை மாற்றினாலும் உள்ளே இருப்பது அதேதான். எஸ்ரெக்கார்ட், ஆப்ஜ்காபி என்ற இலவச மென்பொருள்கள் இரண்டில் எதுவும் இதை மாற்றித் தரும்.

மாற்றியதும் அளவைப் பாருங்கள். ஈசியுவின் ஃபிளாஷ் (நினைவகச் சிப்) 1 எம்பி என்றால் சரியாக 1,048,576 பைட். கூடுதலாக வந்தால் தொடக்க முகவரியைக் கழிக்கவில்லை, அல்லது நடுவில் இடைவெளி இருக்கிறது. குறைந்தால் அது மேப் பகுதி (எஞ்சினுக்கான அளவு அட்டவணைகள்) மட்டுமாக இருக்கலாம். முழு ஃபைல் என்று நினைத்து எழுதிவிடாதீர்கள்.

அளவு சரியாக இருந்தும் ஃபைல் தப்பாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. பழைய 16 பிட் ஃபிளாஷ்களைச் சில கருவிகள் பைட்டுகளை ஜோடி ஜோடியாக இடம் மாற்றிப் படிக்கும். போஷ் டீசல் ஈசியுவின் எண் 0281 என்று தொடங்கும். பைனரிக்குள் அந்த எண்ணைத் தேடுங்கள். அது இருக்க வேண்டிய இடத்தில் 2018 என்று கண்டால் ஆண்டு என்று எண்ணிக் கடந்துபோகாதீர்கள், பைட்டுகள் புரண்டிருக்கின்றன. பெட்ரோல் என்றால் 0261, அது 2016 ஆகத் தெரியும். முழு ஃபைலையும் ஒருமுறை திருப்பிப் போட்டால் சரியாகிவிடும்.

இனி அந்தப் பணம் கேட்கிறவர். "ஸ்லேவ் ஃபைலையும் பைனரி ஆக்கித் தருகிறேன்" என்றும் சொல்லியிருப்பாரே? ஸ்லேவ் டூல் என்பது ஒரு மாஸ்டர் டூலுக்குக் கட்டுப்பட்ட கருவி. அது படிக்கும் ஃபைல் பூட்டியே வரும். அந்த மாஸ்டரிடம்தான் சாவி. இப்படி "மாற்றி" வந்த ஒரு ஃபைலைத் திறந்து பார்த்தேன்: மென்பொருள் எண் மட்டும் பொருந்துகிற வேறொரு காரின் ஃபைல். சொந்தக் காரின் தரவையே பூட்டி வைத்து வணிகம் செய்யும் டூல் நிறுவனங்கள் இருக்கும்வரை இவர்களுக்குப் பிழைப்பு ஓடும்.

"செக்சம் ஓகே" என்று அவர் காட்டும் பச்சை விளக்கையும் நம்பாதீர்கள். செக்சம் என்பது தரவு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண். ஹெக்ஸில் வரிக்கு வரி இருப்பது அந்த வரிக்கான செக்சம். ஈசியு தனக்குள் சரிபார்ப்பது வேறு. அதை உங்கள் டூல் எழுதும்போது திருத்துகிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, காரிலிருந்து படித்த ஒரிஜினலையும் புதிய பைனரியையும் ஒப்பிடுங்கள். டியூனிங் என்றால் சில திட்டுகள்தான் வேறுபடும். தொடக்கம் முதல் முடிவு வரை வேறுபட்டால் ஈசியுவில் எழுதாதீர்கள். ஒரிஜினலை வைத்துக்கொண்டு, ஃபைல் தந்தவரிடமே பைனரியாகக் கேளுங்கள்.